ஏஐ ஏஜென்ட்டுக்கு அல்ஜீப்ரா வேலையா? சிம்பையைக் கொடுங்கள்

ஏஐ ஏஜென்ட் (கருவிகளைப் பயன்படுத்தித் தானே வேலையை முடிக்கும் மென்பொருள்) உருவாக்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. இயற்கணிதக் கோவையைச் சுருக்கும் வேலையை, ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாதிரியிடமே விடாதீர்கள். நடுவில் ஒரு மைனஸ் குறி விட்டுப்போனாலும் அதே உறுதியோடு விடை சொல்லிவிடும்.

இதற்கென்றே சிம்பை (SymPy) இருக்கிறது. 2007 முதல் கிடைக்கும் இலவச பைத்தான் நூலகம். (அ+3)² − (அ−3)² என்று கொடுத்து 'சிம்ப்ளிஃபை' செய்தால் 12அ என்று வந்து நிற்கும்.

ஆனால் சிம்ப்ளிஃபை ஒன்றே போதாது. அ²+2அ+1 கொடுத்தால் அப்படியே திருப்பித் தரும். காரணிப்படுத்த 'ஃபேக்டர்', விரிக்க 'எக்ஸ்பேண்ட்', பின்னத்தைச் சுருக்க 'கேன்சல்'. ஏஜென்ட்டுக்கு நான்கையும் தனித்தனிக் கருவியாகவே கொடுங்கள்.

அப்புறம், விடையைச் சரிபார்க்க இரட்டைச் சமக்குறி (==) போடாதீர்கள். அது வடிவத்தை மட்டும்தான் பார்க்கும். (அ+1)²-ம் அ²+2அ+1-ம் வேறு வேறு என்றே சொல்லும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, சுருக்கி, பூஜ்ஜியம் வருகிறதா என்று பாருங்கள்.

√(அ²) ஏன் அ ஆகவில்லை என்று பலர் குழம்புவார்கள். அ-வின் மதிப்பு −5 ஆக இருந்தால் விடை 5 அல்லவா? சிம்பை செய்வது சரிதான். அ ஒரு மிகை எண் என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் அ என்றே தரும்.

இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: எழுத்தைக் கோவையாக மாற்றும் 'சிம்பிஃபை' உள்ளே 'ஈவால்' பயன்படுத்துகிறது; அது எழுத்தை பைத்தான் நிரலாகவே ஓட்டும். வரும் எழுத்தில் யாராவது நிரலை ஒளித்து வைத்தால் அதுவும் ஓடிவிடும். எனவே இணையத் தொடர்பில்லாத தனி கன்டெய்னரில் (மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த இயங்குசூழலில்), நேர வரம்பு வைத்து ஓட்டுங்கள். பெரிய கோவைகளில் சிம்ப்ளிஃபை வெகுநேரம் இழுக்கும் என்பதால் அந்த வரம்பு எப்படியும் தேவைப்படும்.