வாரத்துக்கு எத்தனை கிராம் இறைச்சி? திருகோணமலை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

இறைச்சி உடம்புக்குக் கூடாதா என்று கேட்பவருக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை சொல்வது பொறுப்பாகாது. எந்த இறைச்சி, வாரத்துக்கு எத்தனை கிராம், எப்படிச் சமைத்தது, சாப்பிடுபவருக்கு என்ன வருத்தம் இருக்கிறது என்பவை தெரிந்தால்தான் விடை கிடைக்கும். செவ்வாயும் வெள்ளியும் மச்சம் சமைக்காத நகரத்து வீடுகளுக்கும், வாரத்தில் பல நாள் மாட்டிறைச்சி வேகும் கிண்ணியா, மூதூர் வீடுகளுக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

முதலில், எது சிவப்பு இறைச்சி என்பதைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். மாடு, ஆடு, செம்மறி, பன்றி ஆகிய எல்லாமே அந்த வகைதான். கோழியும் மீனும் அதில் சேரா. மாட்டிறைச்சிதான் கெடுதல், ஆட்டிறைச்சி எவ்வளவு சாப்பிட்டாலும் பலம் என்று நம் பக்கத்தில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். ஆட்டிறைச்சியில் கொழுப்புச் சற்றுக் குறைவாக இருக்கலாம்; ஆனால் ஆய்வாளர்கள் இரண்டையும் ஒரே வகையில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், 2015ஆம் ஆண்டு ஒக்டோபரில், 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்கள் 800க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்த பின்னர், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலிலும், சிவப்பு இறைச்சியைப் பெரும்பாலும் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. முதலாவது பட்டியலில் புகையிலையும் இருப்பதால், சொசேஜஸ் சாப்பிடுவதும் சிகரெட் பிடிப்பதும் ஒன்று என்று பலர் பயந்துபோனார்கள். அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதையே சொல்கிறது. ஆபத்தின் அளவை அது சொல்வதில்லை. நாளொன்றுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சியைத் தொடர்ந்து உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 வீதம் கூடுகிறது என்று அந்த நிபுணர்கள் கணித்தார்கள். நூறு பேரில் ஐந்து பேருக்கு அந்த நோய் வரும் ஒரு சமூகத்தில் எல்லோரும் அப்படி உண்டால், ஐந்து ஏறத்தாழ ஆறாகும், இருபத்துமூன்றாகாது. சிறிய கூடுதல்தான், ஆனால் ஒரு குடும்பத்துக்கு அந்த ஆறாவது ஆள் சிறியவரல்லர்.

இதற்கு மாறான கருத்தும் உண்டு. 2019இல் ஓர் ஆய்வுக் குழு, இருக்கும் சான்றுகள் பலவீனமானவை, ஆகவே பெரும்பாலானோர் உண்ணும் அளவை மாற்றத் தேவையில்லை என்று எழுதியது. வேறு நிபுணர்கள் பலர் அதைக் கடுமையாக மறுத்தார்கள். இறைச்சி அதிகம் உண்பவர்களில் புகைப்பவர்களும் மரக்கறி குறைவாக உண்பவர்களும் கூடுதலாக இருப்பதால், எது எதன் விளைவு என்று பிரித்தறிவது கடினம் என்பது உண்மையே. ஆனாலும் பெருங்குடல் புற்றுநோய், இதய நோய், நீரிழிவு ஆகிய மூன்றோடும் தொடர்பு திரும்பத் திரும்பத் தென்படும்போது, அளவைக் குறைத்துக் கொள்வதே அறிவுடைமை என்பது என் உறுதியான எண்ணம்.

அளவு எவ்வளவு? உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் சிவப்பு இறைச்சிக்குச் சொல்லும் எல்லை, ஒருவருக்கு வாரத்துக்குச் சமைத்த நிலையில் 350 முதல் 500 கிராம் வரை. இதைக் கடையில் நிற்கும்போது இப்படிக் கணக்கிடலாம். எலும்போடு ஒரு கிலோ ஆட்டிறைச்சி வாங்கினால், எலும்பு போக ஏறத்தாழ 700 கிராம் சதை தேறும். அது வெந்து நீர் வற்றியதும் 500 கிராமளவுக்கு வந்துவிடும். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 125 கிராம். ஆக, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறைச்சி வாங்கும் வீடு கவலைப்படத் தேவையே இல்லை. எலும்பில்லாத மாட்டிறைச்சி ஒரு கிலோ வீதம் வாரத்தில் மூன்று நாள் வாங்கும் அதே நான்கு பேர் வீட்டில், ஆளுக்கு 500 கிராமுக்கு மேல் போய்விடுகிறது. அதிலும் சட்டியில் இருப்பது எல்லோருக்கும் சமமாகப் பிரிவதில்லை. வீட்டின் மூத்த ஆணின் தட்டில் இரண்டு பங்கு விழுவது வழக்கம், கொலஸ்ட்ரோல் மாத்திரை எடுப்பவரும் அநேகமாக அவரே. அவருடைய பங்கைத் தனிக் கிண்ணத்தில் முதலிலேயே எடுத்து வைப்பது நல்ல வழி.

பதப்படுத்திய இறைச்சிக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் வரையறுக்கப்படவில்லை. சொசேஜஸ், பேக்கன், மீட்போல், தகரத்தில் அடைத்த மாட்டிறைச்சி எல்லாம் இதில் அடங்கும். பிள்ளைகளின் பாடசாலைச் சாப்பாட்டுப் பெட்டியில் தினமும் சொசேஜஸ் வைப்பவர்கள், தயவுசெய்து அதற்குப் பதிலாக அவித்த முட்டையோ கடலையோ வையுங்கள். உப்பிட்டு வெயிலில் காயவைத்த இறைச்சியும் பதப்படுத்தியதுதான் என்பதை நம் வீடுகளில் யாரும் நினைப்பதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளில் கிடைக்கும் குர்பான் இறைச்சியை வற்றலாக்கி மாதக்கணக்கில் வைத்திருப்பதைவிட, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகச் சிறு பொதிகளாக்கி அன்றைக்கே உறைநிலையில் வைப்பது மேலானது. வெட்டிய இறைச்சியை நம் ஊர் வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருக்கக் கூடாது.

சமைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெள்ளைக் கொழுப்பைக் கழுவும்போதே அரிந்து விடுங்கள். கறியை முதல் நாளே சமைத்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், மறுநாள் காலையில் மேலே வெள்ளைப் படலமாகக் கொழுப்பு உறைந்திருக்கும். கரண்டியின் விளிம்பால் அதை வழித்தெடுத்துவிட்டுச் சூடாக்கலாம். அந்தப் படலத்தில் இறைச்சிக் கொழுப்போடு தேங்காய்ப்பாலின் கொழுப்பும் இருக்கிறது. ஆகவே இறைச்சிக் கறிக்கு முதற்பாலைத் தவிர்த்து, இரண்டாம் பாலில் வேகவைத்துப் பிரட்டினால் போதும். மிளகும் சீரகமும் சேர்ந்தால் சுவை குறையாது. தணலில் வாட்டும்போது கருகிய ஓரங்களில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்கள் சேர்கின்றன; அவற்றை வெட்டி எறிவதே சரி. தேசிப்புளியும் உள்ளியும் இஞ்சியும் பூசி ஊறவைத்து, இளந்தணலில் வாட்டினால் அவை குறைவாகவே உண்டாகும்.

இவ்வளவும் சொன்னதால் இறைச்சி எல்லோருக்கும் வேண்டாதது என்று யாரும் எடுத்துக் கொள்ளக் கூடாது. இரும்புச்சத்துக் குறைந்து சோகை பிடித்த பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் சிறிதளவு சிவப்பு இறைச்சி உண்மையான பலன் தருகிறது. அதிலுள்ள ஹீம் என்ற வகை இரும்பில் 15 முதல் 35 வீதம் வரை உடலில் சேரும்; கீரை, பருப்பிலிருந்து சேர்வது அதைவிட மிகக் குறைவு. பி12 உயிர்ச்சத்து தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதே இல்லை. மச்சம் மட்டுமல்லாமல் பாலும் முட்டையும்கூடச் சேர்க்காதவர்கள் வைத்தியரிடம் கேட்டு அதற்கு வழி செய்துகொள்ள வேண்டும். மரக்கறி உண்பவர்கள் முருங்கையிலை, பொன்னாங்காணிச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். சோறு தின்ற கையோடு தேநீர் குடித்தால் அந்தப் பலன் பெரிதும் குறைந்துவிடும்; ஒரு மணி நேரமாவது பொறுத்துக் குடியுங்கள். கர்ப்பிணிகளுக்கு அடிக்கடி ஈரல் கொடுக்கும் பழக்கம் உள்ள வீடுகள், ஈரலில் மிகையாக உள்ள ஏ உயிர்ச்சத்து வயிற்றிலிருக்கும் பிள்ளையைப் பாதிக்கக்கூடும் என்பதால், குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும்.

யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவர்களும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் கிளினிக்கில் சொல்லும் அளவைத் தாண்டவே கூடாது. தலசீமியாவுக்காக இரத்தம் ஏற்றிக் கொள்பவர்களின் உடலில் ஏற்கெனவே இரும்பு மிகுந்திருப்பதால், அவர்களும் வைத்தியரைக் கேட்டே இறைச்சி உண்ண வேண்டும்.

குறைக்கும் இறைச்சியின் இடத்தை எதனால் நிரப்புவது என்பதில் நம் ஊருக்குக் குறையே இல்லை. சாளை, கீரி, சூடை போன்ற சிறு மீன்களில் இதயத்துக்கு நல்லதான கொழுப்பு இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்து மீன் விலை ஏறும்போதுதான் பல வீடுகள் மீண்டும் இறைச்சிக்கடைப் பக்கம் திரும்புகின்றன. அந்த மாதங்களுக்கென்று பயறு, கடலை, கௌபி ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்து, முட்டையையும் கோழியையும் இடையிடையே சேர்த்துக் கொண்டால், மாரி முடியும் வரை வாரக் கணக்கு 500 கிராமைத் தாண்டாது.