இணையப் போக்கர்: காசு போகும் பாதையை மறந்தவர்கள் விடும் தவறுகள்

திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் ஞாயிறு பின்னேரங்களில் இன்னும் முன்னூற்றிநான்கு என்ற சீட்டாட்டம் ஆடுகிறார்கள். துரும்புக்காகச் சண்டை வரும், தேநீர் வரும், காசு மட்டும் வராது. அந்த வட்டத்தில் வளர்ந்த பையன்கள் சிலர் இப்போது கடதாசியை வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியில் போக்கர் என்ற பணயச் சீட்டாட்டம் ஆடுகிறார்கள். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால், சிக்கல் வந்தால் என் படலையைத் தட்டுவார்கள். எல்லோரும் கொண்டுவருவது ஒரே கேள்வி: "மாமா, இது சூதா, திறமையா?" நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: "காசை யாருடைய கணக்குக்கு அனுப்பினாய்?"

முதல் தவறே அந்தச் சூதா திறமையா என்ற விவாதத்தில் விழுவது. அந்த விவாதம் எங்களுடையது அல்ல. தமிழ்நாட்டிலிருந்து யூடியூப் விளம்பரங்களோடு வந்து சேர்ந்தது. ரம்மி திறமை ஆட்டம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. 2022இல் தமிழ்நாடு இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. அதில் ரம்மியையும் போக்கரையும் தடை செய்த பகுதி மட்டும் செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கள் பையன்கள் கேட்டு வைத்திருப்பது இந்த இடம் வரைதான். பிறகு 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்று சட்டம் நிறைவேற்றியது. அதன் தண்டனைகள் ஆட்டத்தை நடத்துபவர்கள், விளம்பரம் செய்பவர்கள், காசைக் கடத்திக் கொடுப்பவர்கள் ஆகியோரைக் குறிவைத்தவை, ஆடுபவரை அல்ல. இந்தியாவின் பெரிய போக்கர் தளங்கள் சில நாட்களிலேயே காசு ஆட்டத்தை நிறுத்தின. ஆனால் பழைய விளம்பரக் காணொளிகள் அழியவில்லை. இங்கே உப்புவெளியில் இருக்கும் ஒருவர் அதே தமிழில், அதே சிரிப்போடு, "இது சட்டபூர்வமானது" என்று சொல்வதைப் பார்த்து நம்பிவிடுகிறார். மொழி ஒன்று என்பதற்காகச் சட்டமும் ஒன்றாகிவிடாது.

இரண்டாவது, "இலங்கையில் இதற்குச் சட்டமே இல்லை" என்ற நம்பிக்கை. நீண்ட காலம் எங்களிடம் இருந்தது 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச்சட்டம். அது இடத்தைப் பார்த்த சட்டம்: தெருவில் பணயம் வைத்து ஆடுகிறீர்களா, பொதுமக்கள் வந்துபோகும் கடையில் ஆடுகிறீர்களா, சூதாடுவதற்கென்றே வைத்திருக்கும் வீட்டில் ஆடுகிறீர்களா என்று. சேவல் சண்டையும் அதே சட்டத்துக்குள் வந்தது. அதை எழுதியவர்கள் கைத்தொலைபேசித் திரையைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவை தனித்தனித் துண்டுகள்: 1988இல் பந்தயத்துக்கும் கசினோவுக்கும் வரி விதிக்க ஒன்று, 2010இல் கசினோ தொழிலை ஒழுங்குபடுத்த இன்னொன்று. 2025இல்தான் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிறைவேறியது. 1889இன் கட்டளைச்சட்டம், குதிரைப் பந்தயச் சட்டம், 2010இன் கசினோச் சட்டம் மூன்றையும் நீக்கிவிட்டு, இணையச் சூதாட்டத்தையும் ஒரே அதிகாரசபையின் கீழ் கொண்டுவருவதற்கான சட்டம் அது. ஆகவே ஐந்து வருடத்துக்கு முன் யாரோ சொன்ன "ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்ற பேச்சை இன்றும் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரதான வீதியில் லொத்தர் விற்கிறார்களே என்று கேட்பவர்களும் உண்டு. லொத்தர் அரசுச் சபைகள் நடத்துவது. அதை இதற்கு உதாரணமாகக் காட்ட முடியாது.

மூன்றாவது தவறு பெரியது. ஆடுபவரைச் சட்டம் தண்டிக்காவிட்டால் ஆடுபவருக்கு நட்டமில்லை என்று நினைப்பது. இதற்கு அமெரிக்காவின் கதையைத்தான் சொல்ல வேண்டும், அதிலும் துறைமுக நகரத்தவர்களாகிய எங்களுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. 2006 அக்டோபரில் அமெரிக்கா இணையச் சூதாட்டத்துக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டம், துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றின் வாலில் கட்டப்பட்டு நிறைவேறியது. கொள்கலன்களைச் சோதிக்கும் சட்டத்துக்குள் போக்கர்! அந்தச் சட்டம் ஆடுபவர் மேல் கை வைக்கவில்லை. சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்கான காசைத் தளங்கள் பெற்றுக்கொள்வதைத்தான் தடுத்தது. சில தளங்கள் உடனே அமெரிக்காவை விட்டு வெளியேறின. சில தங்கின. தங்கியவற்றுக்கு வங்கிகள் கதவை மூட, நகை, கோல்ஃப் பந்து விற்கும் கடைகள் என்று பொய்ப் பெயர்களில் காசைக் கொண்டுவந்ததாக அரசு பின்னர் குற்றஞ்சாட்டியது.

2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை. போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சலூட் போக்கர் ஆகிய மூன்று போக்கர் தளங்களை நடத்தியவர்கள் மீது அமெரிக்காவில் குற்றப்பத்திரிகை வெளியாகி, தளங்களின் இணைய முகவரிகள் முடக்கப்பட்டன. குற்றச்சாட்டில் சூதாட்டம் மட்டும் இல்லை; வங்கி மோசடி, காசு வெளுத்தல் (தப்பான வழியில் வந்த காசை நேர்மையான காசாகக் காட்டுவது) ஆகியவையும் இருந்தன. ஆடியவர்களில் யாரும் சிறைக்குப் போகவில்லை. ஆனால் ஃபுல் டில்டில் காசு வைத்திருந்தவர்களின் நிலைமை என்ன? உலகெங்கும் ஆடுபவர்களுக்கு ஏறத்தாழ 39 கோடி டொலர் கொடுக்க வேண்டியிருந்த அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் இருந்தது சுமார் 6 கோடி டொலர்தான் என்று அமெரிக்க நீதித்துறை சொன்னது. திரையில் மின்னிய மிகுதி வெறும் எண். அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குக் காசு திரும்பத் தொடங்கியது 2014 பெப்ரவரியில். அதுவும் 2012இல் போக்கர்ஸ்டார்ஸ் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட பெரிய இணக்கத்தின் காரணமாக. அந்த ஆட்டக்காரர்கள் எந்தச் சட்டத்தையும் மீறியதாக யாரும் சொல்லவில்லை. மூன்று வருடம் காத்திருந்தார்கள்.

இங்கேதான் நான்காவது தவறு வருகிறது: தளத்தின் அடியில் இருக்கும் அனுமதிப்பத்திர முத்திரையைப் பார்த்து மனம் ஆறுவது. ஃபுல் டில்டுக்கும் அனுமதிப்பத்திரம் இருந்தது. ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் ஆல்டர்னி என்ற சின்னத் தீவு கொடுத்தது. ஆட்டக்காரர்களின் காசைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தத் தீவின் விதிகளில் அப்போது இல்லை. போக்கர்ஸ்டார்ஸ் இருந்த, பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவின் விதி அதைக் கேட்டது. அதே வெள்ளிக்கிழமை, அதே குற்றப்பத்திரிகை. ஆனால் போக்கர்ஸ்டார்ஸ் சில வாரங்களிலேயே அமெரிக்க ஆட்டக்காரர்களின் காசைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. எனவே முத்திரை இருக்கிறதா என்று கேட்பது அரைக் கேள்வி. எந்த ஊர் முத்திரை, அந்த ஊர் விதி ஆட்டக்காரரின் காசை யாருடைய காசாக நடத்துகிறது, தகராறு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம் என்று நிபந்தனைகளில் எழுதியிருக்கிறது என்பதெல்லாம் மீதி. நிபந்தனைகளை யார் வாசிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். நான் வாசிப்பேன், எனக்கு வேறு வேலை இல்லை.

இருக்கும் நாட்டை மறைத்து, விபிஎன் போட்டுக்கொண்டு ஆடுவது பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தோற்கும்வரை தளம் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். வென்று காசைக் கேட்கும்போது அடையாள அட்டையும் முகவரியும் கேட்பார்கள். நிபந்தனை மீறல் என்று கணக்கை மூடினால் முறையிட இடமில்லை, மீறியது நீங்கள். கிரிப்டோவும் அப்படித்தான். மெய்நிகர் நாணயம் வாங்க வங்கி அட்டைகளைப் பாவிக்க அனுமதி இல்லை என்று இலங்கை மத்திய வங்கி வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. அதைச் சுற்றிப் போகச் சொல்லிக் கொடுப்பவர் உங்கள் நண்பர் என்றால், அவருக்கு அதில் தரகு இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசித் தவறுதான் என் படலைக்கு அடிக்கடி வருவது. வெளிநாட்டுத் தளம் வங்கி அட்டையை ஏற்காது. உடனே வட்ஸ்அப்பில் ஒரு 'முகவர்' வருவார்: "இந்தக் கணக்கில் ரூபாயாகப் போடுங்கள், தளத்தில் டொலராக ஏற்றிவிடுகிறேன்." அந்தக் கணக்கு தளத்தின் பெயரில் இருக்காது, முன்பின் தெரியாத ஒரு தனியாளின் பெயரில் இருக்கும். சில வாரம் கழித்து அதே முகவர் இன்னொன்று சொல்வார்: "உங்கள் கணக்கையும் கொடுங்கள், வந்து போகும் காசில் உங்களுக்கு ஒரு பங்கு." ஆட்டத்தில் தோற்றவருக்கு இது தெய்வம் தந்த வழி போலத் தெரியும். போக்கர் ஆடுபவர்கள் கைதேராத ஆட்டக்காரரை 'மீன்' என்பார்களாம். எங்கள் ஊரில் மீனுக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வங்கிக்காரனாகச் சொல்கிறேன்: கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் அதில் வந்த காசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். 2006இல் வந்த காசு வெளுத்தல் தடுப்புச் சட்டமும் நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டமும் போக்கரா ரம்மியா என்று பார்ப்பதில்லை. சந்தேகமான நடமாட்டம் தெரிந்தால் வங்கி அறிக்கையிட்டே ஆக வேண்டும். உங்களுக்கு அதைச் சொல்லவும் மாட்டார்கள்.

நிலாவெளியில் ஒரு விருந்தகத்தில் வேலை செய்யும் பையனுக்குச் சென்ற பருவத்தில் இதுதான் நடந்தது. ஒரு காலையில் அட்டை வேலை செய்யவில்லை. சம்பளம் வருவதும் அதே கணக்குக்குத்தான். கணக்கு விபரத்தாளை என் மேசையில் விரித்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டான். மாத்தறை, குருநாகல், வவுனியா என்று ஊர் ஊராகப் பெயர்கள். "இவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது மாமா" என்றான்.

"அதையே வங்கிக்கு எழுத்தில் சொல். ஆனால் முகவரைத் தெரியாது என்று சொல்லாதே, அவரைத் தெரியும்தானே."

முகவரோடு பேசிய செய்திகளை அழிக்காமல் வைத்திருந்தது அவன் அதிர்ஷ்டம். திகதி வாரியாக அச்செடுத்தோம். எந்தக் காசு சம்பளம், எது ஆட்டத்துக்கு அவன் போட்டது, எது பிறருடையது என்று மூன்று நிறப் பேனாவால் பிரித்தோம். ஒரு பிரதியை அவன் வைத்துக்கொண்டு, மற்றதை எடுத்துக்கொண்டு சட்டத்தரணி ஒருவரைப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போனான். பிறருடைய வரிகள்தான் அதிகம். சிவப்புப் பேனா பாதித் தாளிலேயே தீர்ந்துவிட்டது.