பழைய வால்வு ரேடியோகிராம் வாங்கியவர்களுக்கு

வேலூர், காட்பாடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கிடைக்கும் வால்வு ரேடியோகிராமை (வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் ஒரே மரப்பெட்டியில் சேர்ந்து, கண்ணாடி வால்வுகளால் இயங்குவது) வாங்கி வந்ததும், பாடுகிறதா என்று பார்க்கும் ஆவலில் நேராக 230 வோல்ட்டில் செருகிவிடாதீர்கள். பல்லாண்டுகள் சும்மா கிடந்ததில் மின்சாரத்தைச் சீராக்கும் பில்டர் கண்டென்சர் ஷார்ட் ஆகியிருந்தால், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிபையர் வால்வும், இன்று எளிதில் கிடைக்காத மெயின் ட்ரான்ஸ்பார்மரும் கருகிவிடக்கூடும். பழைய வால்வு மெக்கானிக் ஒருவரைக் கொண்டு, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை, மின்சாரம் அதன் வழியாகவே பெட்டிக்குள் செல்லும்படி தொடராக இணைத்து முதலில் மின்சாரம் கொடுக்கச் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் மேற்கொண்டு சோதிக்கலாம், மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகும் கண்டென்சரில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம் என்பதால், அதை வடிக்காமல் உள்ளே கை வைக்கக் கூடாது. ஒலிபெருக்கியை இயக்கும் வெளிப்பாட்டு வால்வுக்குச் செல்லும் காகிதக் கண்டென்சரை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றியே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெட்டியைப் பொறுத்தவரை, நம் ஊர்க் கத்திரி வெயில்தான் எதிரி. என் பெட்டியின் இடது ஓரத்தில், மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடான வெனீர் வாழைப்பட்டை போல் உரிந்து நின்றது. விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பழைய வச்சிரப் பசை சூட்டில் இளகும் ஆதலால், ஈரத்துணியை மேலே விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, இரவு முழுவதும் அம்மிக்கல்லைப் பாரமாக வைத்தேன், ஓரம் படிந்துவிட்டது.