பிரான்ஸ் போகிற புதுச்சேரிக்காரருக்கு: அந்த ஒல்லி மெஷினில் துணி துவைப்பது எப்படி

முத்தியால்பேட்டையிலோ குருசுக்குப்பத்திலோ யாரைக் கேட்டாலும் பாரிஸ் பக்கம் ஒரு சித்தப்பாவோ அத்தை மகனோ இருப்பார். விசா, குளிருக்குக் கோட்டு, ஊறுகாய் பொட்டலம் எல்லாவற்றுக்கும் அறிவுரை கிடைக்கும். துணி துவைக்கிற மெஷினைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை டயலுக்கு முன்னால் நின்று விழிப்பதுதான் நடக்கிறது.

முதலில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். நம்மூர்த் துவைப்பு நிறையத் தண்ணீர், நிறைய நுரை, மொட்டை மாடி வெயில் என்று நடக்கிறது. அங்கே குழாயிலிருந்து வரும் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சமாக எடுத்து, மெஷினே உள்ளே சூடாக்கி, அந்தச் சூட்டிலும் நேரத்திலும் அழுக்கை எடுக்கிறது. அதனால் கண்ணாடி வழியே பார்த்தால் தண்ணீரே இல்லாத மாதிரி இருக்கும். மெஷின் கெட்டுப்போகவில்லை. இரண்டு மணி நேரம் ஓடினாலும் கெட்டுப்போகவில்லை. ‘ஏகோ 40-60’ என்ற புரோகிராம் மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஓடும். சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டிக் கரண்டை மிச்சம் பிடிக்கிற ஏற்பாடு அது.

மெஷினைத் தொடுமுன் குளியலறைத் தரையைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் தரையில் தண்ணீர் போக ஓட்டையே இருக்காது, சரிவும் இருக்காது. வாளியை வைத்து உட்கார்ந்து அலசினால் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில்தான் இறங்கும். இதற்கு அங்கே ‘தெகா தெஸோ’ என்று பெயர். இன்சூரன்சுக்கு எழுதிக்கொடுத்து, கீழ்வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி அலைய வேண்டும். கையால் துவைப்பது எதுவானாலும் குளியல் தொட்டிக்குள்ளேயோ ஷவர் தட்டுக்குள்ளேயோ வைத்து முடித்துவிடுங்கள்.

மேலே மூடி உள்ள மெஷின்

சின்ன வீடுகளில் 40 செ.மீ. அகலத்தில், மேலே மூடியுள்ள ஒல்லி மெஷின் நிறைய இருக்கும். ‘நம்ம வீட்டு டாப் லோடு மாதிரிதானே’ என்று நினைப்பதில்தான் வம்பு ஆரம்பிக்கிறது. நம்மூர் மெஷினில் தொட்டி குடம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். இதில் டிரம் படுத்த நிலையில் சுழலும். துணி போட அதன் வயிற்றில் இரண்டு சின்னக் கதவுகள். ஆக மொத்தம் மூடி ஒன்று, உள்ளே டிரம் கதவு வேறு.

வெளி மூடியைத் திறந்ததும் டிரம் கதவு மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். சில மாடல்களில் தானாகவே அந்த நிலையில் வந்து நிற்கும். மற்றவற்றில் டிரம்மைக் கையால் மெல்ல உருட்டி மேலே கொண்டுவர வேண்டும். கதவில் இருக்கும் பொத்தானை அழுத்தும்போது இன்னொரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ளுங்கள்; ஸ்பிரிங் படக்கென்று எகிறி விரலில் அடிக்கும்.

மூடும்போது அவசரம் கூடாது. இரண்டு கதவையும் சேர்த்து அழுத்தினால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எல்லாக் கொக்கியும் மாட்டியிருக்கிறதா, பொத்தானின் ஓரம் முழுதும் வெளியே எழும்பித் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு கதவையும் உள்பக்கமாக உள்ளங்கையால் ஒருமுறை அழுத்துங்கள், அசையக் கூடாது. ஒரு கொக்கி மட்டும் மாட்டி ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால், பிழிகிற வேகத்தில் கதவு திறந்துகொள்ளும். டிரம் பாதியில் சிக்கி நிற்கும், துணி கிழியும், அடியில் இருக்கும் ஹீட்டர் கம்பியையும் கதவு பிய்த்துவிடும். அது பழுது பார்க்கிற செலவில்லை, புது மெஷின் செலவு. வாடகை வீடென்றால் முன்பணத்தில் பிடிப்பார்கள்.

துணியைத் திணித்தாலும் இதே கதிதான். பருத்தித் துணி என்றால் டிரம்மை நிரப்பலாம். மேலே ஒரு கை நுழைகிற இடம் மிச்சமிருக்கட்டும். பாலியெஸ்டர் என்றால் பாதி. கம்பளி என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஒரு ஜீன்ஸ் ஏறக்குறைய முக்கால் கிலோ, கெட்டியான குளியல் துண்டு அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால் ‘6 கிலோ மெஷின்’ என்கிற கணக்கு கைக்குப் பழகிவிடும்.

டயலில் என்ன எழுதியிருக்கிறது

பிரெஞ்சில் எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு. நம் கண்ணுக்கு ‘எஸ்ஸோரேஜ்’ என்று படுவதை அவர்கள் ‘எஸ்ஸொராஜ்’ என்பார்கள், பிழிவது. ‘ரின்சேஜ்’ என்று தெரிவது ‘ரேன்ஸாஜ்’, அலசுவது. ‘விடேஞ்ச்’ என்று தெரிவது ‘விதான்ஜ்’, தண்ணீரை வெளியேற்றுவது மட்டும். ‘லெய்ன்’ என்று தெரிவது கம்பளி. ‘கோட்டன்’, ‘சிந்தெடிக்’, ‘டெலிகேட்’ மாதிரித் தெரிவதெல்லாம் நீங்கள் நினைப்பதேதான். ‘தெப்பார்’ என்றால் ஆரம்பம், ‘அரே’ என்றால் நிறுத்தம். ‘தெப்பார் திஃபெரே’ என்பது இத்தனை மணி நேரம் கழித்து ஓடு என்று சொல்கிற பொத்தான். தெரியாமல் அழுத்திவிட்டு மெஷின் ஓடவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்கள் உண்டு. புரியாத சொல்லைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்ப்பு ஆப்பில் காட்டிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு வில்லங்கமான பொத்தான் ‘அரே கூவ் பிளேன்’. தொட்டி நிறையத் தண்ணீரோடு நின்றுவிடு என்று அர்த்தம். மெல்லிய துணி கசங்காமல் நீரிலேயே கிடக்கட்டும் என்பதற்காக வைத்தது. அதை அழுத்தியிருந்தால் கடைசியில் தண்ணீரோடு நிற்கும், கதவு திறக்காது. பயப்படாமல் டயலை ‘விதான்ஜ்’ அல்லது ‘எஸ்ஸொராஜ்’ பக்கம் திருப்பி மறுபடி தெப்பாரை அழுத்தினால் போதும்.

ஒரு புரோகிராமும் மனசில் நிற்கவில்லை என்றால் இதை வைத்துக்கொண்டே ஆறு மாதம் ஓட்டலாம்: அன்றாடத் துணிக்குப் பருத்தி, 40 டிகிரி, பிழிவு 1000 (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று கணக்கு). பெட்ஷீட், துண்டு, உள்ளாடைக்கு 60 டிகிரி, 1200. சாயத் துணிக்கும் பாலியெஸ்டருக்கும் 30 டிகிரி, 800. டிகிரிக்குப் பதில் நட்சத்திரம் மாதிரிப் பனிச்செதில் படம் இருந்தால் பச்சைத் தண்ணீர். அரை மணி நேர ‘ரபீத்’ வியர்வை நாற்றம் போக்க மட்டும், அழுக்கு போகாது.

சோப்பு

சோப்பு போடுகிற இழுப்பறையில் (மேலே மூடி உள்ள மெஷினில் அது மூடியின் உள்பக்கம் இருக்கும்) மூன்று அறை. I என்ற கோடு முன் துவைப்புக்கு, II என்பது நிஜத் துவைப்புக்கு, பூ படம் போட்டது வாசனைத் திரவத்துக்கு. சோப்பு போக வேண்டிய இடம் II. மாத்திரை மாதிரி இருக்கிற கேப்சூல் என்றால் இழுப்பறையில் போடாதீர்கள். காலி டிரம்மில் முதலில் அதைப் போட்டு அதன்மேல் துணியைப் போடுங்கள்.

கடையில் ‘லெஸ்ஸீவ்’ என்றால்தான் சோப்பு. ‘அதுசிஸ்ஸான்’ என்பது துணியை மெத்தென்று ஆக்குகிற திரவம். குப்பியும் நிறமும் ஒரே மாதிரி இருக்கும், விலையும் குறைவு. அதை வாங்கி ஒரு மாதம் சோப்பில்லாமல் துவைத்தவர்கள் ஊருக்கு ஒருவர் தேறுவார்கள். ‘ழவேல்’ என்பது பிளீச். கலர் துணிக்கு ஆகாது. வினிகரோடு அதைக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும்.

நம் போர் தண்ணீரில் நுரை வருவதே கஷ்டம், அதனால் ஒரு கை அள்ளிப்போட்டே பழகியிருக்கிறோம். அந்தக் கையை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கையால் துவைக்கிற சோப்புத்தூளைப் பெட்டியில் கட்டிக்கொண்டும் போக வேண்டாம். அது நுரைக்கவென்றே செய்தது. நுரை நிறைந்தால் துணி ஒன்றோடொன்று உரசாமல் மெத்தையில் படுத்தமாதிரி மிதக்கும், பம்ப் தண்ணீரைத் தள்ளத் திணறும், இழுப்பறை வழியே நுரை தரைக்கு வரும். திரவச் சோப்பு ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 40 முதல் 75 மி.லி.க்குள்தான், சரியான அளவு குப்பியின் பின்புறம் தண்ணீரின் கடினத்தைப் பொறுத்துப் போட்டிருக்கும். பாரிஸ் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், ஆகவே அந்த ஊரில் ‘கடினம்’ என்ற வரியைப் பாருங்கள். நுரை பொங்கிவிட்டால் சோப்பு போடாமல் ரேன்ஸாஜ் ஒன்றோ இரண்டோ ஓட்டுங்கள்.

நீலமும் கஞ்சியும் மெஷினுக்கு வேண்டாம். கஞ்சி குழாயில் ஒட்டிக்கொள்ளும்.

நம் துணிகள்

பட்டுப்புடவை மெஷினுக்குள் போகவே கூடாது. பருத்திப் புடவை ஐந்தரை மீட்டர். தனியாகப் போட்டால் மற்ற துணியையெல்லாம் சுற்றிக் கயிறு திரித்துவிடும். நான்காக மடித்து வலைப்பையில் போட்டு, 30 டிகிரி, பிழிவு 600க்கு மேல் வேண்டாம். ஜரிகைக் கரை வேட்டிக்கும் அதே.

சாயம் போகுமா என்று தெரியாத துணியை ஈரமாக்கி, வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து அழுத்திப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அது தனி ஈடு. சண்டே மார்க்கெட்டில் வாங்கிய கறுப்பு டீ-ஷர்ட்டையும் புதுக் கைலியையும் கிளம்பும் முன்பே வீட்டில் மூன்று நாலு தடவை அலசிவிடுவது புத்திசாலித்தனம். அங்கே கடையில் சாயத்தை உறிஞ்சுகிற தாள் விற்கிறது, ஓரளவு காப்பாற்றும். முழு நம்பிக்கை வைக்காதீர்கள்.

சட்டையில் சாம்பார் கொட்டியிருக்கும். சோப்புத் தண்ணீர் பட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறும்; பதற வேண்டாம். மஞ்சளின் சாயம் காரம் பட்டால் சிவக்கும், அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். மிச்சமிருக்கிற மஞ்சளை எடுப்பது வெளிச்சம். துவைத்த சட்டையை ஈரத்தோடு ஜன்னல் கண்ணாடி ஓரம் தொங்கவிடுங்கள், கறை நாளுக்கு நாள் வெளுக்கும். கறை போகாத துணியை டிரையரில் மட்டும் போடாதீர்கள், சூட்டில் கறை இறுகிவிடும்.

தலைக்கு எண்ணெய் தேய்க்கிறவர்கள் தலையணை உறையை 60 டிகிரியில் துவைக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டு சரியாக வெளுக்காமல் டிரையருக்குள் போனால், சூட்டில் எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்தத் துண்டுகளைக் கொடியில் காய வையுங்கள்.

கதவு திறக்கவில்லை என்றால்

ஓடி முடிந்த பின்னும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பூட்டு விடாது. இழுத்தால் கைப்பிடி கையோடு வரும். ஐந்து நிமிடம் ஆகியும் திறக்காமல், உள்ளே தண்ணீரும் தெரிந்தால் பெரும்பாலும் ஃபில்டர் அடைப்பு. தண்ணீர் ஆறும்வரை பொறுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடிப்பக்கம் இருக்கிற சின்ன மூடியைத் திறந்து, கீழே அகலத் தட்டும் இரண்டு பழைய துண்டும் வைத்து, ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். தண்ணீர் சில லிட்டர் வரும். தட்டு நிறைந்ததும் இறுக்கி, ஊற்றிவிட்டு மறுபடி திருகுங்கள். உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டால்: நாணயம், ஊக்கு, ஸ்டிக்கர் பொட்டு, தலைமுடி. ஆக, துணி போடுமுன் பையைத் தடவிப் பார்ப்பதும் ஊக்கைக் கழற்றுவதும் மாதம் ஒரு வேலையைக் குறைக்கும்.

தண்ணீரே ஏறவில்லை என்றால் மெஷினுக்குப் பின்னால் குழாய் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். புது மெஷின் வாங்கி வந்து முதல் பிழிவிலேயே சமையலறை முழுக்க நடந்தால், லாரியில் ஆடாமலிருக்கப் பின்புறம் போட்ட போல்ட்டுகளை யாரும் கழற்றவில்லை என்று அர்த்தம். பிளக்கை நேராகச் சுவரில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இல்லை, ஹீட்டர் 2000 வாட் இழுக்கும்.

காயவைப்பது

பால்கனியில் தெருப்பக்கம் துணி தொங்கவிடுவதைப் பல கட்டடங்களின் விதிகள் தடுக்கின்றன. முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் மடக்குக் கொடி வைத்தால், துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விட்டு, ஜன்னலைப் பத்து நிமிடம் திறந்து மூடுங்கள். திறக்காவிட்டால் சுவரில் பூஞ்சை கறுப்பாகப் படரும். காயவைக்கும் முன் இன்னொரு தடவை எஸ்ஸொராஜ் ஓட்டினால் காயும் நேரம் குறையும்.

டிரையருக்கு அங்கே ‘செஷ்-லேன்ஜ்’ என்று பெயர். ஒவ்வொரு தடவையும் பஞ்சு வலையைத் துடைக்க வேண்டும். பல மாடல்களில் துணியிலிருந்து எடுத்த தண்ணீர் ஒரு பெட்டியில் சேரும். அதைக் கொட்டாவிட்டால் விளக்கு எரிந்து நின்றுவிடும். துவைப்பதும் காயவைப்பதும் ஒரே மெஷினில் என்றால் 8 கிலோ துவைக்கும், ஆனால் 5 கிலோ போலத்தான் காயவைக்கும். பாதியை எடுத்துவிட்டுக் காய வையுங்கள்.

வீட்டில் மெஷின் இல்லையென்றால் தெருமுனையில் ‘லாவ்ரி’ இருக்கும். ஆள் இருக்கமாட்டார். துணியையும் சோப்பையும் போட்டு, கதவை மூடி, மெஷின் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு சுவரில் இருக்கிற பணப்பெட்டிக்குப் போய் அந்த எண்ணை அழுத்திக் காசு போட வேண்டும். எண் மாறிப் போட்டால் காலி மெஷினோ பக்கத்தில் நிற்பவர் மெஷினோ ஓடும், காசு திரும்பாது. சில்லறை நாணயம் கைவசம் இருக்கட்டும். டிரையர் நிமிடக் கணக்கில் ஓடும். முதலில் கொஞ்சம் போட்டுப் பார்த்து, தேவையானால் கூட்டுங்கள். மூடுகிற நேரம் கதவில் எழுதியிருக்கும். துவைப்பதும் காயவைப்பதும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகலாம் என்று கணக்கு வைத்துப் போங்கள்.