சட்டமன்றத் தேர்தல்: தள்ளுபடி ஆகாதபடி வேட்புமனு தயாரிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் 234 தொகுதிகளில் எதில் நின்றாலும் முதல் வேலை வாக்காளர் பட்டியலைத் திறப்பதுதான். 25 வயது நிறைந்திருக்க வேண்டும். மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். வேறு தொகுதி வாக்காளர் என்றால் அந்தப் பட்டியலின் சான்றிட்ட நகலை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் அலைந்தால் கிடைக்காது.

மனு என்பது படிவம் 2பி. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கும் அங்கீகாரம் பெறாத கட்சிக்காரருக்கும் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் நீங்கள் நிற்கும் தொகுதியின் வாக்காளர்களாக இருப்பது கட்டாயம். சுயேச்சைகள் அதிகம் அடிபடுவது இங்கேதான். பக்கத்துத் தெரு பக்கத்துத் தொகுதியாக இருக்கலாம், பெயர் நீக்கப்பட்டிருக்கலாம். ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் புதிய பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு, உங்கள் கண்ணெதிரே கையெழுத்து வாங்குங்கள். கைநாட்டு என்றால் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்போ, அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் முன்போதான் வைக்க வேண்டும். 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் முன்மொழிந்தவர்களில் இருவர் ‘அது எங்கள் கையெழுத்து அல்ல’ என்றதால்தான் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது. ஒரு தொகுதிக்கு நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒரு முறை கட்டினால் போதும். எனவே, வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது மனு ஒன்றையும் தயாராக வையுங்கள். இதைவிட நல்ல காப்பு இல்லை.

அடுத்தது படிவம் 26, பிரமாணப் பத்திரம். வழக்குகள், உங்களுடையதும் குடும்பத்தாருடையதுமான சொத்து, கடன், ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு விவரம், படிப்பு எல்லாம் இதில் வரும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் ‘இல்லை’ அல்லது ‘பொருந்தாது’ என்று எழுதுங்கள். வெற்றிடம் விட்டு, அலுவலர் நினைவூட்டியும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நோட்டரி முத்திரை எல்லாப் பக்கத்திலும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நிலுவை வழக்கு இருந்தால் அதை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்யவும் வேண்டும்.

டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. ரொக்கமாகக் கட்டலாம், காசோலை செல்லாது. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காமல் தோற்றால் பணம் திரும்பாது. தேர்தல் செலவுக்கென்றே தனி வங்கிக் கணக்கு, மனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்பு தொடங்கியிருக்க வேண்டும்.

தாக்கல் நேரம் காலை 11 முதல் மாலை 3 மணி வரை; பொது விடுமுறையில் வாங்க மாட்டார்கள். ஊர்வலம் எவ்வளவு பெரிதானாலும் அலுவலகத்துக்குள் உங்களோடு சேர்த்து ஐந்து பேர்தான். கட்சி வேட்பாளர்கள், தங்களைக் கட்சிதான் நிறுத்தியிருக்கிறது என்று காட்டும் ஏ, பி படிவங்களைக் கடைசி நாள் 3 மணிக்குள் சேர்க்க வேண்டும். அவற்றில் கட்சிப் பொறுப்பாளர் பேனாவால் போட்ட அசல் கையெழுத்து இல்லாவிட்டால் சின்னம் போய்விடும். சுயேச்சைகள் மூன்று சின்னங்களை விருப்ப வரிசையில் மனுவிலேயே குறிப்பிட வேண்டும்.

மனுவைக் கொடுத்த கையோடு, அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியையும் எடுத்துவிடுங்கள். மனுக்களை அலுவலர் சரிபார்க்கும் பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். அன்று காலை போய் எடுக்க முடியாது.

பரிசீலனைக்கு நீங்களே போங்கள். வாக்காளர் பட்டியல் நகலும் முன்மொழிந்தவர்களின் தொலைபேசி எண்களும் கையில் இருக்கட்டும். பெயரில் எழுத்துப்பிழை போன்ற சிறு குறைகளுக்காக மனுவைத் தள்ளக்கூடாது என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு. அதைச் சொல்லி வாதாடுங்கள். யாராவது ஆட்சேபித்தால் பதில் சொல்ல அவகாசம் கேட்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. அப்படியும் தள்ளினால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிவு வந்தபின் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு, அதாவது தேர்தலை எதிர்த்து வழக்கு, போட அது தேவைப்படும்.