நாலு பேர் பேரில் ஒரு வாடகை வீடு: பங்குச் சிக்கலையும் சார்ஸ் வரிக் கணக்கையும் தீர்ப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் அப்பா விட்டுப்போன வீடு எங்கள் நாலு பேர் பேரிலும் இருந்தது. வாடகை வாங்கியது அக்கா. முனிசிபாலிட்டி பில் கட்டியது நான். பெரியண்ணன் பெர்த்துக்குக் குடிபோய் வருடங்கள் ஆகிவிட்டன. தம்பி பக்கத்தில் பீனிக்ஸில்தான் இருக்கிறான், ஆனால் வீட்டுப் பேச்சை எடுத்தாலே 'அப்புறம் பார்ப்போம்' என்பான். 12 வருடம் இப்படியே ஓடியது. பிறகு அவன் மகளுக்கு யூனிவர்சிட்டி பீஸ் கட்ட வேண்டி வந்தது. என் பங்கைக் கொடுத்துவிடுங்கள் என்றான். அன்றைக்குத்தான் எங்களிடம் ஒழுங்கான கணக்கே இல்லை என்பது தெரிந்தது.

நாங்கள் எங்கே சறுக்கினோம் என்றால், வாடகையைக் கையில் வாங்குகிறவர்தான் வரிக்கும் பொறுப்பு என்று நினைத்ததில். தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸ் அப்படிப் பார்ப்பதில்லை. பத்திரத்தில் யாருக்கு எத்தனை பங்கோ, வருமானமும் செலவும் அந்தப் பங்குப்படிதான். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளைப் பாருங்கள்.

படி 1: பத்திரத்தை எடுத்துப் படியுங்கள்

எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் உள்ள சொத்தென்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில், அதாவது பத்திரப் பதிவு அலுவலகத்தில், பதிவாகியிருக்கும். சிறு கட்டணத்துக்கு நகல் கிடைக்கும், ஆன்லைனிலும் தேடலாம். யார் பெயர்கள், ஆளுக்கு எத்தனை பங்கு, பாண்ட் (வீட்டுக் கடன்) ஏதாவது இன்னும் மீதி நிற்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள்.

பத்திரம் இன்னும் காலமான தாத்தா பேரிலோ அப்பா பேரிலோ இருந்தால் அங்கேயே நில்லுங்கள். காலமானவர்களின் சொத்தைக் கவனிக்கும் அரசு அலுவலகமான மாஸ்டர் ஆபீஸில் மரணத்தைப் பதிவு செய்து, எஸ்டேட்டை, அதாவது அவர் விட்டுப்போன சொத்தின் கணக்கை, முடித்த பிறகுதான் வேறு எதுவும் நடக்கும். எஸ்டேட்டின் மதிப்பு 250,000 ராண்டுக்கு மேல் என்றால் முறைப்படி எக்ஸிக்யூட்டர் (எஸ்டேட்டை நிர்வகிப்பவர்) நியமனம் தேவை. இதில் ஒரு வசதியும் உண்டு. எஸ்டேட் முடிவதற்குள் வாரிசுகள் உட்கார்ந்து பேசி, வீடு ஒருவருக்கு, பணம் இன்னொருவருக்கு என்று எழுத்தில் மாற்றிப் பிரித்துக்கொள்ளலாம். வாரிசாக வருவதற்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி, அதாவது சொத்தின் பெயர் மாறும்போது கட்டும் வரி, கிடையாது. எஸ்டேட்டை மூடிவிட்டு, நாலு பேர் பேரிலும் பதிந்த பிறகு பங்கை மாற்றினால் அது விற்பனை, வரியும் கூடவே வரும். எங்களுக்கு இதை அப்போது யாரும் சொல்லவில்லை.

அடுத்து பெயர் எழுத்து. 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து நம் பெயர்களை எழுதியவர்கள் காதில் விழுந்தபடிதான் எழுதினார்கள். எங்கள் வீட்டிலேயே பத்திரத்தில் கவுண்டன், அடையாள அட்டையில் கோவேந்தர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிரமாண வாக்குமூலம் எழுதிப் பதிவைத் திருத்த வேண்டியிருந்தது. விற்கிற நேரத்தில் இது தெரியவந்தால் வாங்குகிறவர் பொறுமை இழந்துவிடுவார். முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

படி 2: நோட்டைத் திறங்கள், குற்றச்சாட்டை மூடுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். அண்ணன் வீடியோ அழைப்பில். அக்கா கொண்டுவந்தது கிராக்ஸ்லி நோட்டு ஒன்று. 'பிளம்பர் 650', 'கேட் பூட்டு 180', 'ராஜூ அங்கிள் புல் வெட்டினது, காசு வாங்கலை' என்று வரிக்கு வரி எழுதியிருந்தாள். தம்பி முகத்தில் அதுவரை இருந்த கோபம் அந்தப் பக்கங்களைப் புரட்டியதும் பாதி போய்விட்டது.

நீங்களும் வருடத்துக்கு ஒரு தாளாக எழுதுங்கள். தென்னாப்பிரிக்க வரி வருடம் மார்ச் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை, அதற்கேற்பப் பிரித்துக்கொண்டால் பின்னால் வேலை குறையும். ஒரு பக்கம் வந்த வாடகை, மறுபக்கம் செலவு, கடைசியில் யார் கையிலிருந்து எவ்வளவு போனது. ஒருவர் சொந்தக் காசில் வீட்டுக்கு அவசியமான செலவைச் செய்திருந்தால் மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்கலாம். ஒருவர் வாடகையைத் தானே வைத்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் அவரிடம் கேட்கலாம். ஆனால் இப்படிப்பட்ட கடன்களுக்குப் பொதுவாக 3 வருடம்தான் காலவரம்பு. அதற்கு மேல் பழையதை நீதிமன்றத்தில் கேட்பது கஷ்டம். குடும்பத்துக்குள் அதற்கு மேலும் விட்டுக்கொடுக்கலாம், அது உங்கள் மனசு. நாங்கள் அக்காவின் அலைச்சலுக்கு ஒரு தொகை ஒதுக்கினோம். அப்படிக் கொடுப்பதானால் அது வாங்குகிறவருக்கு வருமானம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனிமேலுக்கு வாடகைக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று வையுங்கள். யார் பேரில் என்பது பெரிய விஷயமில்லை, வேறு பணம் அதில் கலக்கக்கூடாது.

படி 3: வாடகையைப் பங்குப்படி சார்ஸுக்குக் காட்டுங்கள்

மாதம் 8,000 ராண்ட் வாடகை என்றால் வருடத்துக்கு 96,000. ரேட்ஸ் (முனிசிபாலிட்டிக்குக் கட்டும் சொத்து வரி) 9,600, இன்ஷூரன்ஸ் 4,400, பெயிண்டும் பிளம்பிங்கும் 12,000 என்று வைப்போம். செலவு மொத்தம் 26,000, மீதி 70,000. நாலு சமபங்கு என்றால் ஆளுக்கு 17,500. இதைத்தான் ஒவ்வொருவரும் தங்கள் ரிட்டர்னில் காட்ட வேண்டும். அக்கா ஒருத்தி 70,000ஐயும் தன் பேரில் காட்டினால் அவள் வேண்டாத வரியைக் கட்டுவாள், மற்ற மூவரும் காட்டாதவர்களாகத் தப்பில் நிற்பார்கள்.

எதைக் கழிக்கலாம்? ரேட்ஸ், இன்ஷூரன்ஸ், ஏஜென்ட் கமிஷன், பழுதுபார்ப்பு, பாண்ட் இருந்தால் அதன் வட்டி. பாண்டின் அசல் தவணையைக் கழிக்க முடியாது. புதிதாகக் கட்டிய அவுட்பில்டிங்கையும் முடியாது, அது பழுதுபார்ப்பு அல்ல, வீட்டின் மதிப்பைக் கூட்டிய செலவு. அந்த ரசீதைக் கிழித்துப்போடாதீர்கள், படி 6இல் வேலைக்கு வரும்.

சம்பளம் தவிர வேறு வருமானம் இருந்தால் புரொவிஷனல் டாக்ஸ் (முன்கூட்டியே தவணையாகக் கட்டும் வரி) கட்ட வேண்டுமா என்று பலரும் பயப்படுகிறார்கள். தனிநபருக்கு, வேறு தொழில் நடத்தாமல், வட்டி, டிவிடெண்ட், வாடகை எல்லாம் சேர்ந்து வரிக்குட்பட்டது 30,000 ராண்டுக்குள் என்றால் வேண்டாம். அதற்கு மேல் போனால் ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் ஐஆர்பி6 படிவம். கணவன் மனைவி பொதுச் சொத்து முறையில் திருமணம் செய்தவர்கள் என்றால், பொதுச் சொத்தில் சேரும் வாடகை இருவருக்கும் பாதிப்பாதியாகப் போகும். உயிலிலேயே அந்தச் சொத்தைப் பொதுச் சொத்திலிருந்து விலக்கி எழுதியிருந்தால் கதை வேறு.

படி 4: காட்டாமல் விட்ட வருடங்கள்

இதைத் தாண்டிப் போக முடியாது. சார்ஸ் உங்களைத் தேடி வருவதற்கு முன்பே நீங்களாகப் போனால் வாலன்டரி டிஸ்க்ளோஷர் புரோகிராம் என்ற வழி இருக்கிறது. சார்ஸின் இணையச் சேவையான இ-ஃபைலிங்கில் விண்ணப்பிக்கலாம். வரியையும் வட்டியையும் கட்டியே ஆக வேண்டும். குற்றவழக்கு போடமாட்டார்கள், தண்டமும் பெருமளவு குறையும். தணிக்கை நோட்டீஸ் வந்த பிறகு போனால் இந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்காது. இதற்கு மட்டும் ஒரு வரிக் கணக்காளரைப் பிடியுங்கள், நாலு பேருக்கும் சேர்த்து ஒருவரே போதும்.

படி 5: சேர்ந்தே இருப்பதா, பிரிவதா?

வழி மூன்று. சேர்ந்தே வைத்திருக்கலாம், ஆனால் யார் வாடகை வாங்குவது, எவ்வளவுக்கு மேல் செலவானால் எல்லோரையும் கேட்க வேண்டும் என்பதை எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்கலாம். அல்லது வெளியாளுக்கு விற்றுப் பங்கு பிரிக்கலாம். நிலம், வீடு விற்பது 1981ஆம் வருடச் சட்டப்படி எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சாகக் கொடுத்த வாக்கு செல்லாது.

ஒருவர் மட்டும் முரண்டு பிடித்தால்? கூட்டுச் சொத்தில் யாரையும் அவர் விருப்பத்துக்கு மாறாகக் கட்டிப்போட முடியாது என்பது இங்கே பழைய ரோமன்-டச்சு விதி. ஆக்டியோ கம்யூனி டிவிடுண்டோ என்பார்கள். நீதிமன்றம் போனால் நீதிபதி ஒருவருக்கு வீட்டைக் கொடுத்து மற்றவர்களுக்குப் பணம் கொடுக்கச் சொல்லலாம், ஏலம் விடச் சொல்லலாம். 1978இல் வெளியான ராப்சன் எதிர் தெரோன் தீர்ப்பில் இந்த விரிந்த அதிகாரத்தை அப்பீல் நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் செலவு! ஹைகோர்ட்டில் வழக்குப் போடும்போதே மத்தியஸ்தத்துக்குச் சம்மதமா இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும், 2020 மார்ச்சிலிருந்து அதுதான் விதி. நான் சொல்வது, முதலில் ஒரு வக்கீல் கடிதம், அடுத்து மத்தியஸ்தம். கோர்ட்டைக் கடைசிக்கு வையுங்கள்.

படி 6: விற்கும்போது

முனிசிபாலிட்டியின் ரேட்ஸ் கிளியரன்ஸ் சான்று இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. கடைசி 2 வருடப் பாக்கியைத் தீர்த்தால்தான் கொடுப்பார்கள், சான்று 60 நாள்தான் செல்லும். நாங்கள் அவசரப்பட்டு முதலிலேயே வாங்கிவிட்டோம், பெயர் எழுத்துப் பிரச்சினை தீர்வதற்குள் தேதி தாண்டியது. மறுபடியும் எடுத்தோம். மின்சாரப் பாதுகாப்புச் சான்றும் தேவை. பொதுச் சொத்து முறையில் மணமானவர் விற்றால் மனைவி அல்லது கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர் நோட்டரி முன்னால் பவர் ஆஃப் அட்டர்னியில் கையெழுத்திட்டு, அதற்கு அப்போஸ்டில் (வேறு நாட்டில் செல்லுபடியாவதற்கான அரசுச் சான்று) வாங்கி அனுப்ப வேண்டும். அவருக்கும் இங்கே மூலதன ஆதாய வரி உண்டு. விலை 20 லட்சம் ராண்டைத் தாண்டினால், வெளிநாட்டுத் தனிநபருக்குச் சேர வேண்டியதில் 7.5 சதவீதத்தை வாங்குகிறவரே பிடித்து சார்ஸுக்குக் கட்ட வேண்டும்.

இப்போது மூலதன ஆதாய வரிக் கணக்கு. வாரிசாக வந்த வீட்டுக்கு அடக்க விலை, அப்பா காலமான நாளின் சந்தை விலை. எங்களுக்கு 2009இல் அது 480,000. அவுட்பில்டிங் கட்டியது 120,000, ஏஜென்ட் கமிஷன் 60,000, ஆக 660,000. 2024இல் விற்றது 12 லட்சத்துக்கு. ஆதாயம் 540,000, ஆளுக்கு 135,000. அந்த வரி வருடத்தில் ஒவ்வொருவருக்கும் 40,000 வருட விலக்கு, மீதி 95,000. அதில் 40 சதவீதமான 38,000 அவரவர் வருமானத்தோடு சேரும். 26 சதவீத வரம்பில் இருக்கிற தம்பிக்கு வரி 9,880, 31இல் இருக்கிற எனக்கு 11,780. நாலு பேர் பேரில் இருந்ததால் நாலு விலக்கு கிடைத்தது, கூட்டுச் சொத்தால் எங்களுக்கு வந்த ஒரே நன்மை இது என்று அண்ணன் சிரித்தார். வாடகைக்கு விட்டிருந்த வீடு என்பதால் சொந்தக் குடியிருப்புக்கான பெரிய விலக்கு எங்களுக்கு இல்லை.

அடக்க விலைக்கு ஆதாரம் எஸ்டேட்டின் இறுதிக் கணக்கில் இருக்கும். 2001 அக்டோபர் 1க்கு முன்பே கைக்கு வந்த சொத்தென்றால் அன்றைய மதிப்பை வைத்துக் கணக்குப் போடும் முறைகள் வேறு, அங்கே கணக்காளர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

டிரான்ஸ்ஃபர் டியூட்டி வாங்குகிறவர் பாடு. 2024இல் 11 லட்சம் வரை கிடையாது, அதனால் எங்கள் வீட்டை வாங்கியவர் மேல் உள்ள ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், 3,000 ராண்ட் கட்டினார். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 12,10,000.

கன்வேயன்சர் (பெயர் மாற்றத்தைச் செய்யும் வக்கீல்) பணத்தைப் பிரிக்கும்போது நாலு வங்கிக் கணக்குக்கும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள், ஒருவர் கணக்கில் மொத்தமாக வேண்டாம். ரிட்டர்ன் கொடுத்த நாளிலிருந்து 5 வருடம் எல்லாத் தாளையும் வைத்திருக்க வேண்டும். எங்களுடையது ஒரு பிஸ்கட் டின்னில், அக்காவின் கிராக்ஸ்லி நோட்டோடு சேர்த்து, என் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது.