பழைய தையல் மெஷின் கண்ணில் பட்டதும் செய்யக்கூடாதவை

தீபாவளிக்கு முன் கைவேலை அறையை ஒழிக்கும்போது, மிச்சத் துணி மூட்டைகளுக்கும் லேஸ் பெட்டிகளுக்கும் அடியிலிருந்து பாட்டியின் சிங்கர் மெஷின் வெளிப்படுவது சிங்கப்பூரின் தோ பாயோவிலும் ஈசூனிலும் இன்றும் நடப்பதுதான். இத்தகைய மெஷின்கள் வயதால் கெடுவதைவிட, கண்டெடுத்த அன்றைய உற்சாகத்தால்தான் அதிகம் கெடுகின்றன.

மின்சார மெஷின் என்றால் உடனே பிளக்கைச் செருகிப் பார்க்கக் கை துடிக்கும். வேண்டாம். வயரின் ரப்பர் உறை காய்ந்து உதிர்ந்திருக்கலாம். காலால் அழுத்தும் மிதிக்குள் இருக்கும் பழைய கெப்பாசிட்டர் என்ற மின்பாகம் புகையலாம். தவிர, சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்ட மெஷினை அப்படியே செருகினால் மோட்டார் கருகிவிடும். முதலில் மோட்டார் தகட்டில் உள்ள வோல்ட் அளவைப் படியுங்கள். வயரை ஒரு மின்பணியாளரிடம் காட்டுங்கள். அதுவரை கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சக்கரம் அசையவில்லையா? துருப்பிடித்துவிட்டது என்று முடிவுகட்டிப் பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரரைக் கூப்பிடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே பழைய எண்ணெய் இறுகிப் பிசினாகியிருக்கும். யாரோ ஒரு காலத்தில் சமையல் எண்ணெயை ஊற்றியிருந்தால் இன்னும் மோசம். பல தாவர எண்ணெய்கள் காற்றுப்பட்டுக் கெட்டியாகும். துருநீக்கும் ஸ்பிரேயும் எண்ணெய்க்கு மாற்றாகாது, சீக்கிரம் உலர்ந்துவிடும். தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு துளையிலும் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, ஹேர் டிரையரால் இதமாகச் சூடுகாட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் மீண்டும் முயலுங்கள். முரட்டுத்தனமாகத் திருப்பினால் உடைவதுதான் மிச்சம்.

பளபளப்பாக்கும் ஆசையும் ஆபத்துதான். பழைய கறுப்பு சிங்கர்களில் தங்கநிறப் பூவேலைக்கு மேல் அரக்குப் பூச்சு இருக்கும். ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் பூச்சும் பூவும் சேர்ந்து கரையும். எண்ணெய் தொட்ட பஞ்சுத் துணி போதும்.

கால் மெஷினின் தோல் பெல்ட் அறுந்திருப்பதைக் காரணம் காட்டி மொத்தத்தையும் கழிப்பவர்கள் உண்டு. பெல்ட் மலிவாக மாற்றக்கூடியது. இரும்புச் சட்டத்தை மட்டும் கழற்றிக் காப்பி மேசையாக்குவது நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

அறையை ஒழுங்குபடுத்தும்போது அடிநூல் சுற்றும் சிறு உருளைகளான பாபின்கள் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிவிடாதீர்கள். 15ஆம் வகையும் 66ஆம் வகையும் அளவில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆனால் 15இன் பக்கங்கள் தட்டை, 66இன் பக்கங்கள் லேசாகப் புடைத்திருக்கும். மாற்றிப் போட்டால் நூல் சிக்கும், பழி மெஷின்மேல் விழும். குழப்பமாக இருந்தால் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கை தைப்பவர்களிடம் காட்டுங்கள், உடனே பிரித்துத் தருவார்கள்.

கடைசியாக, பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி ஸ்டோர் ரூமுக்குள் தள்ளுவது. நம் ஊர் ஈரப்பதத்தில் உறைக்குள் வியர்த்துத் துரு ஏறும். பருத்தித் துணியால் மூடி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். அவ்வப்போது சக்கரத்தைச் சுற்றி எண்ணெய் விட்டால் போதும்.